எண்பத்தொன்பது ரூபாய் தொண்ணூற்றுநாலு காசு

இலவம்பாடியில் முள்ளுக் கத்தரி இருபத்தாறு மூட்டை ஏற்றி
குட்டியானையைக் கிளப்பும்போது மணி மூன்றே முக்கால்.
டீசல் முள் சிவப்பில் படுத்துவிட்டது.

கண்ணாடியோரம் செருகிய போனைத் தட்டினேன்.
வேலூர்ச் சுற்றுவட்டாரம் முழுக்கச்
சொட்டுச் சொட்டாக பங்க்குகள்,
சொட்டுக்கு ஒரு விலை.
சத்துவாச்சாரி தொண்ணூற்றிரண்டு அறுபத்தொன்று.
விரிஞ்சிபுரம் தொண்ணூற்றிரண்டு ஐம்பத்தெட்டு.
கிறிஸ்டியான்பேட்டைச் சாவடிக்கு அந்தாண்டை
நாலரை ரூபாய் கூட.
சித்தூர் வண்டிகள் இந்தப் பக்கம் வந்து
வயிறு முட்டக் குடித்துவிட்டுப் போகும்.

மூன்று காசுக்காக நான் பாகாயம் வரை போனதுண்டு.
போய்வந்த செலவு பதினெட்டு ரூபாய் என்று
காலண்டர் தாளின் பின்னால் எழுதி
ரெஜினா சுவரில் மாட்டினாள்.
இன்னும் தொங்குகிறது.

அன்றைக்கு ஒடுகத்தூர் ரோட்டில் ஒரு சொட்டு:
89.94.
எதிர்த்திசை, ஆறு கிலோமீட்டர்.
முப்பது லிட்டருக்கு எழுபத்தொன்பது ரூபாய் மிச்சம்.
கணக்கு முடியுமுன்னே
கை ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டது.

புளியமரங்கள். ஒரு நாய். செங்கல் சூளை.
'நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்றது போன்.

கேட்டில் பூட்டு.
குழாய் மூக்குகளில் சாக்குப் பை,
என் வண்டியில் கத்தரி கட்டிய அதே சாக்கு.
காற்றடிக்கும் மிஷின் மேல் கோழி உறங்கியது.

தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை
என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள்.
பட்டியலில் இதையும் ஏற்றிக்கொள்ளலாம்.

இந்த பங்க் எந்த நாள் மூடியதோ
அந்த நாளின் விலை அது.
அதற்குப் பிறகு எல்லாம் ஏறியது,
டயர், டோல், என் சர்க்கரை.
இது மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

"இன்னாண்ணே, போன் சொல்லிச்சா?"

ஆயில் டப்பா அடுக்கிய அறையிலிருந்து
டார்ச்சோடு ஒருத்தி வந்தாள்.
நீலச் சட்டை, சட்டையில் கம்பெனி வில்லை: அமுலு.
"இந்த வாரத்துல நீ நாலாவது ஆளு."

முதலாளி எட்டு மாதச் சம்பளம் பாக்கியாம்.
கொடுக்கும்வரை சாவி தரமாட்டாளாம்.
பள்ளிகொண்டாவில் கேனில் பிடித்து
மொபெட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.
"லிட்டர் நூறு. பிளாஸ்டிக் வாசனைக்குக் காசு இல்ல."

சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது.
ஐந்து லிட்டர் கேட்டேன்.
புனல் வைத்து, சட்டை முனையால் விளிம்பு துடைத்து,
ஊற்றுமுன் என் முகத்தைப் பார்த்து
"ஜீரோ பாத்துக்கண்ணே" என்றாள்.
அங்கே மீட்டரே இல்லை.
பழக்கம்.

ஐநூறை மடித்துச் சட்டைப் பையில் செருகி,
போகவிட்டுப் பின்னாலேயே ஓடி வந்தாள்.
"அந்த வெலய மாத்திடாதண்ணே.
போனவாட்டி ஒரு காலேஜ் பையன்
மூடிட்டாங்கன்னு போட்டுட்டான்.
பத்து நாள் ஒருத்தரும் வரல."
அப்புறம் எப்படித் திரும்பியது என்று நான் கேட்கவில்லை.
அவள் கையிலும் ஒரு போன் இருந்தது,
கீறல் விழுந்தது.

நேதாஜி மார்க்கெட்டில் இறக்கும்போது ஆறேகால்.
லேட் என்று மண்டிக்காரர் சுபான்
கிலோவுக்கு இரண்டு ரூபாய் தட்டினார்.
பக்கத்து மண்டியில் என்ன விலை என்று
துண்டுக்கடியில் விரல் பிடித்துத்தான் அறிய வேண்டும்.
கத்தரிக்காய்க்கு யாரும் சொட்டுப் போடவில்லை.

டீ ஆறிக்கொண்டிருக்க, போன் நடுங்கியது.
'நீங்கள் சென்ற இடத்தின் விலை சரியா?'
ஆம். இல்லை. தெரியவில்லை.

இன்னொரு டிரைவர், இன்னொரு நாலு மணி,
அவனுக்கும் முள் சிவப்பில் இருக்கும்.
கட்டைவிரல் 'இல்லை' மேல் கொஞ்ச நேரம் நின்றது.

தெரியவில்லை என்று அழுத்திவிட்டு
டீக்குச் சில்லறை தேடினேன்.
பன்னிரண்டு ரூபாய்.
போன வாரம் வரை பத்து.