குப்பைக்கு ஐந்தொகை

பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்கினேன்
குப்பைக்கு ஒரு பேரேடு.
பழைய பேப்பர்க்காரரிடம் இரவல் வாங்கிய தராசு
இரண்டு கிலோ பொய் சொல்லும்.
கழித்துக் கழித்தே எழுதினோம்
வருடம் முழுக்க.

தை மூன்றாம் ஞாயிறு, பள்ளத்தூர் வடக்கு ஊருணி.
ஆறாம் படிக்குக் கீழே
ஷாம்பு பாக்கெட்டுகள் சேறாகவே மாறியிருந்தன.
வரவு: முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ.
செருப்பு பதினேழு, ஒன்றுக்கும் ஜோடியில்லை.
களிமண் என்று சத்தியம் பண்ணி விற்ற பிள்ளையாரின்
கரையாத தும்பிக்கை ஒன்று.
அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று
உமையாள் டீச்சர் யோசித்து முடிப்பதற்குள்
சேவுகன் அதைக் கழுவித்
தன் டெம்போ முகப்பில் வைத்துக்கொண்டான்.

ஹபீப் அண்ணன் ஃப்ளெக்ஸ் அடிப்பவர்.
எங்களில் ஒருவர்,
எங்கள் பாதிக் குப்பைக்கு முதலாளியும் அவரே.
"நிறுத்திட்டா நீங்களா சோறு போடுவீக?"
யாருக்கும் பதில் வரவில்லை.
மாசித் திருவிழா முடிந்த மறுநாள்
கத்தரியோடு அவரே வந்தார்
தான் அடித்ததைத் தானே அவிழ்க்க.
இப்போது மேலத்தெரு ஆட்டுக்கொட்டகைக் கூரையில்
காதுகுத்துக் குழந்தையொன்று
கீழே பார்த்துச் சிரிக்கிறது.
ஆடுகள் அண்ணாந்து அசைபோடுகின்றன.

வைகாசியில் பெ.நா. வீட்டுக் கல்யாணம்.
தண்ணீர் பாட்டில் இல்லை;
எவர்சில்வர் டம்ளர் ஆயிரத்து இருநூறு.
மேடைக்குக் கூப்பிட்டு எங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்,
பாலியஸ்டரில்.
இரவு பதினோரு மணிக்குக் கொல்லைப்புறத்தில்
நான்கு பெண்கள் இன்னும் குனிந்தே இருந்தார்கள்.
ஒருத்தி இருளாயி,
பகலெல்லாம் பேரூராட்சி வண்டி தள்ளுபவள்.
"பாட்டில்னா கூட்டி அள்ளிட்டுப் போயிருப்பேன்"
என்றாள், நிமிராமல்.
அன்றைய பக்கத்தில் பற்று என்று எழுதித்
தொகையை வெற்றாக விட்டேன்.
அதன்பிறகு
கழுவுகூலி முன்பணம் வைத்தால்தான் டம்ளர் என்றோம்.
இரண்டு வீடுகள் பாட்டிலுக்கே திரும்பின.

ஐப்பசி மழையில் உரக்குழி தோற்றது.
மூடி மிதந்தது; புழுக்கள் வரிசை கட்டிப்
பக்கத்து வீட்டு ஆத்தங்குடிக் கல்லில் ஏறின.
"ஒங்க சுத்தம் எங்க வீட்ல நாறுது."
எழுதிக்கொண்டேன், அப்படியே.

மார்கழி. ஐந்தொகை கட்ட உட்கார்ந்தேன்.
என் பெயருக்கு எதிரே
'மக்காதது: பூச்சியம்'
பதினோரு மாதமும், நல்ல கையெழுத்தில்.

உள்ளறையில் அப்பா.
இடப்பக்கம் அசைந்து மூன்று வருடம் ஆகிறது.
நாளைக்கு இரண்டு டயபர்.
துணி கட்டிப் பார்த்தேன், முதுகு புண்ணாயிற்று.
செய்தித்தாளில் சுற்றி
விடியுமுன் மூன்று தெரு தாண்டிப் போட்டுவிட்டு வருவேன்,
குப்பையில்லாக் குழுவின் கணக்கெழுதுபவள்.

போன வாரம் இருளாயி வழிமறித்தாள்.
"எதுக்கு அம்புட்டுத் தூரம் நடக்குறீக?
வாசல்லயே வைங்க.
செவப்புக் கோடு மட்டும் போட்ருங்க,
பிரிச்சுப் பாக்காம எடுத்துக்கிறேன்."
எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.
இதுநாள் வரை
பிரித்துப் பார்த்திருக்கிறாள் என்பது மட்டும்
வீடு வந்து சேர்ந்தபின் உறைத்தது.

கூட்டத்தில் வாசித்தேன்:
டயபர், எழுநூற்று முப்பது.
ஹபீப் அண்ணன் டீயைக் கீழே வைத்தார்.
டீச்சர் பேனாவைக் கேட்டு வாங்கித்
தன் பூச்சியங்களில் ஒன்றை அடித்தார்;
என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.
சேவுகன் மட்டும் எழுந்து
தராசைத் திருப்பிக் கொடுக்கப் போனான்.

ஐந்தொகை நேராகவில்லை.
அடுத்த பேரேட்டின் முதல் பக்கத்தில்
முன்பாக்கியாக ஏற்றினேன்:
இருளாயிக்குக் கையுறை, நான்கு ஜோடி.

அளவு?
கேட்க வேண்டும்.
வருடம் முழுக்க என் வாசலுக்கு வந்த கை,
எத்தனை பெரியது என்று தெரியவில்லை.