எனக்கான இரண்டு

முதலில் நகம்.
வலது கட்டைவிரலில் வெள்ளைக் கோடாக வந்தது,
பிறகு சிம்பு சிம்பாகப் பிரிந்தது.
நெம்புகோல் நசுக்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.
கொட்டை உடைக்கிறவள் கையில்
நகம் ஒழுங்காக இருந்தால்தான் அதிசயம்.

அப்புறம் தலைமுடி, சீப்போடு.
அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்:
கொதிகலன் விடும் ஆவி.
பூண்டு தொடாத நாளிலும்
வாயில் பூண்டு வாடை அடிக்கிறதென்று
அன்செல்மோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபோதுதான்
என்னிடமிருந்த காரணங்கள் தீர்ந்தன.

ரிபெரால்தாவில் எங்கள் கொட்டகையில்
விடியற்காலை மூன்று மணிக்கே விளக்கெரியும்.
பிரேசில் கொட்டை என்கிறதாம் உலகம்.
ஆற்றுக்கு அந்தப் பக்கத்தாரின் பெயரை
எங்கள் மரத்துக்கு யார் வைத்தார்களோ!
நாங்கள் காஸ்தான்யா என்போம்.
முழுப் பருப்புக்குக் கிலோ கணக்கில் காசு,
நுனி சிதைந்தால் பாதி.
நொறுங்கியது கணக்கில் வராது,
மடியில் விழும்,
மடியிலிருந்து வாயில்.

பசிக்குத் தின்றேனா? சில நாள், ஆமாம்.
மற்ற நாட்களில் கை ஓடியது, கூடவே வாயும் ஓடியது.
காசில்லாமல் கிடைப்பதற்கு
அளவென்று ஒன்று இருக்குமென்று யார் நினைத்தார்கள்?

சுகாதார நிலையத்தில் யோவானா மெல்கார்
நகத்தை விளக்கருகே பிடித்துப் பார்த்தாள்.
"ஒரு நாளைக்கு எத்தனை?"
"இருபது கிலோ."
"உடைப்பதைக் கேட்கவில்லை டெல்மிரா. தின்பதை."

பதினோரு வருஷம்.
மூட்டைக்கு எத்தனை கிலோ, கிலோவுக்கு எத்தனை பருப்பு,
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
என் வாய்க்குள் போனதை
ஒருமுறைகூட எண்ணியதில்லை.

அவள் என் உள்ளங்கையில் இரண்டு பருப்பு வைத்தாள்.
"விடச் சொல்லவில்லை. நல்ல பண்டம்தான்.
செலினியம் என்று ஒரு சத்து.
உனக்கு வேண்டியது இந்த இரண்டிலேயே இருக்கிறது.
முப்பது தின்றால் அது கூலி கேட்கும்."
என் சீப்பை நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறு மணி, காப்பி இடைவேளை.
ஒன்றை எடுத்து மெதுவாகக் கடித்தேன்.
முதலில் ஈர மரத்தின் மணம்,
பிறகு பால்,
பிறகு நாக்கின் ஓரத்தில் எண்ணெயாய் ஏதோ ஒன்று
போக மனமில்லாமல் நின்றது.
இதையா இத்தனை வருஷம் விழுங்கினேன்!
இரண்டாவதைப் பத்து மணிவரை
பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

காட்டிலிருந்து அன்செல்மோ சொல்லி அனுப்பினான்:
காற்றடித்தால் மரத்தடிக்குப் போவதில்லையாம்,
காய் விழுந்தால் மண்டை போகும்.
ஹோச்சி என்றொரு பிராணி மட்டும் துணிந்து வந்து
காயைக் கொறித்துத் திறந்து
கொஞ்சம் தின்று, மிச்சத்தைப் புதைத்து,
புதைத்த இடத்தை மறந்துவிடுமாம்.
மறந்த இடத்தில் மரம்.
அதற்கு மறக்கத் தெரிந்திருக்கிறது.
நான் எண்ணக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் சரிதான்.
தின்னாமல் விட்டது மடியில் சேர்ந்தது.
நான்காம் நாள் மேற்பார்வையாளன் பார்த்துவிட்டான்,
தராசில் கொட்டச் சொன்னான்.
ஒரு கிலோ இருநூறு கிராம்.
"நல்ல பழக்கம்" என்றபடி
காசு தராமல் மூட்டையில் சேர்த்தான்.

அன்று மட்டும் மூன்றாவதைத் தின்றேன்,
அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நிதானமாக.

யோவானாவிடம் மறைக்கவில்லை.
சிரித்துவிட்டு அட்டையில் எழுதினாள்:
இரண்டு.
சில நாள் மூன்று.