எதிரலை

கஸ்தூரியார் வீதியில் நாலாவது கடை.
கண்ணாடி மேசையில் இரண்டு பெட்டிகளை வைத்து
நிதுர்சன் சொன்னான்:
"அக்கா, இது காதை மூடாது. ஓரத்தில கவ்விக்கொண்டிருக்கும்.
பாட்டும் கேக்கும், பஸ் ஹோனும் கேக்கும்.
இருபத்தோராயிரத்துத் தொள்ளாயிரம்.
மற்றது, போட்டீங்களெண்டால்
உலகம் இல்லை.
முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு."

உலகம் இல்லாமல் போவதற்குப்
பதினாறாயிரத்து அறுநூறு கூட.
மனதுக்குள் கழித்துப் பார்த்தேன்.

என் வேலை கேட்பது.
யாரோ கேட்ட கேள்விகளுக்கு
யாரோ சொன்ன பதில்களை
ஒலிக்கோப்பிலிருந்து எழுத்தாக்கி அனுப்புவது.
நிமிடத்துக்கு நாற்பது ரூபா.
இருமலை எழுதத் தேவையில்லை.
ஐந்து விநாடிக்கு மேல் பேச்சில்லாவிட்டால் மட்டும்
மௌனம் என்று போட்டு
எத்தனை விநாடி என்றும் போடவேண்டும்.

கொக்குவிலில் எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம்
அருள்நேசனின் மிளகாய் மில்.
காலை எட்டிலிருந்து அரைக்கிறது,
என் மௌனங்களையும் சேர்த்து.
போன கிழமை ஒரு மனுசி
பதினொரு விநாடி பேசாமல் இருந்ததை
நாலென்று எண்ணி விட்டுவிட்டேன்.
திருப்பி அனுப்பினார்கள்.
இன்னொரு கோப்பில் சேவல் கூவியது.
அவர்கள் வளவிலா எங்கள் வளவிலா என்று
எழும்பிப் போய்ப் பார்த்தேன்.
எங்களிடம் சேவல் இல்லை.

"இது எப்பிடிச் சத்தத்தை நிப்பாட்டுது?"
"நிப்பாட்டிறேல்லை அக்கா. வாற அலைக்கு நேரெதிரா
தானும் ஒரு அலை விடும்.
ரெண்டும் மோதிச் செத்துப்போகும்."

அமைதிக்கு அப்படியும் ஒரு வழி.

பெரியதைத் தலையில் மாட்டிவிட்டான்.
மின்விசிறி சுற்றியது, அது ஆடுவதை
அப்போதுதான் கண்டேன்.
காங்கேசன்துறை பஸ் மீனைப்போல நழுவிப் போனது.
அவன் வாய் அசைந்தது, விலையாக இருக்கலாம்.
என் தோள்கள் இறங்கின.
எத்தனை வருடம் அவற்றைத்
தூக்கி வைத்திருந்தேனோ.

வெளியே லொறியின் பின்கதவு விழுந்தது.

மேசைக்குக் கீழே பாதி நான்.
ஒரு கை தரையில்.
தெருவில் ஒருவரும் திரும்பவில்லை.
நிதுர்சனுக்கு இருபத்திரண்டு இருக்கும்,
அவனும் திரும்பவில்லை, என்னைத்தான் பார்த்தான்.
"தொடர்ந்து வாறதைத்தான் அக்கா இது வெட்டும்,"
பொருளின் குறையைச் சொல்கிற கூச்சம் அவனுக்கு,
"ஃபேன், ஜெனரேற்றர், மில்.
திடீரெண்டு வாறது உள்ள வரும்."

தெரியும் என்றேன்.
முழங்காலில் தூசி தட்டினேன்.

சின்னதையும் போட்டுப் பார்த்தேன். கம்மலின் பாரம்கூட இல்லை.
போனில் ஒருத்தி பாட
அதற்கு மேலால் பாண்காரனின் ஓட்டோ
தன் மெட்டோடு போனது. சண்டையில்லை.
காது வெறுமையாய், கதவு திறந்தபடி.
நல்ல சாமான்தான்.
ஆனால் திறந்த கதவால் மில்லும் வரும்.

பெரியதை முப்பத்தெட்டுக்கு இறக்கித் தந்தான்.

இப்போது வேலை இப்படி நடக்கிறது:
வலது காது உள்ளே.
இடது கிண்ணத்தைப் பின்னுக்குத் தள்ளி
இடது காதைப் படலைக்கு விட்டிருக்கிறேன்.
மச்சாள் வாசுகி கண்டுவிட்டுச் சிரித்தாள்,
"அரை அமைதிக்கு முழுக்காசு."
ஓம்.

நேற்று மூன்றேகாலுக்குக் கரண்ட் போனது.
மில் அடங்கியது.
வலது காதில் ஒருவர்
மகன் கடைசியாய்ப் போட்டிருந்த சட்டையின் நிறத்தைச்
சொல்லத் தொடங்கி, நின்றிருந்தார்.
இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில்
ஒன்றுமில்லை.
ஆறு. ஏழு. எட்டு.
எந்தக் காதின் மௌனத்தை எண்ணுகிறேன் என்று
பிடிபடவில்லை.
ஒன்பது.
விரல் விசையின்மேல்.
பதின்மூன்றில் அவர்
நீலம் என்றார்.