மூன்று குளிசை

அரைக் குளிசை, இரவில், சாப்பிட்ட பின்.
என் வியாதி அவ்வளவுதான்.
பெயர் சொன்னால்தான் பிரச்சினை.

ஏகாம்பரம் வீதியில் தேவமனோகரனின் பாமசி.
கண்ணாடித் தட்டின் மேல் எந்நேரமும் ஆறேழு முழங்கை.
பனடோல், பேபி சோப், சீனி வருத்தக் குளிசை,
மீதிக்காசுக்குப் பதிலாய் ரொபி.
துண்டை நீட்டினால் உள்ளே திரும்பி
மருந்தின் பெயரை உரத்துக் கூப்பிடுவார்,
அறுக்குளா ஏலம் கூறுகிற குரல்.
ஷிஃபானா ஏணியில் நின்றபடி
அதே உரப்பில் கேட்பாள்:
"நித்திரைக்குக் குடுக்கிறதோ, மனசுக்குக் குடுக்கிறதோ?"

அன்று வரிசையில் எனக்குப் பின்னால்
எங்கள் கந்தோர் பியோன்.
மறுநாள் என் மேசையில் தேத்தண்ணி வைத்தான்.
சத்தமே வரவில்லை.
அவ்வளவு மெதுவாக
அவன் யாருக்கும் கோப்பை வைத்ததில்லை.

அதோடு ஓன்லைன்.
துண்டைப் படமெடுத்து அனுப்பினேன்.
கொழும்பில் முகமில்லாத யாரோ
டொக்டரின் கிறுக்கலை வாசித்து
பச்சையாய் ஒரு 'சரி' போட்டார்கள்.
நூற்றைம்பது ரூபாய் மலிவு வேறு.
நான்கு மாதம் நான் ஓர் இலக்கம்.
இலக்கமாய் இருப்பது இவ்வளவு சுகமென்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.

சின்னச் சின்னக் கரைச்சல்கள் இருந்தன.
கொண்டுவந்த லஹிருவுக்கு உவர்மலை தெரியாது.
உடைந்த சிங்களத்தில் வழி சொன்னேன்:
வளைவு, நீலக் கேற், அதனருகில் மான் நிற்கும்.
மான் ஓர் அடையாளமா என்று சிரித்தான்.
வந்தபோது நின்றது.
பெட்டியை முகர்ந்து பார்த்து
வேண்டாமென்று போனது.
இன்னொரு முறை எமில்டா அக்கா வாங்கிவைத்தா.
"உடுப்பு வந்திருக்கெண்டு நினைச்சன்," என்றா,
பெட்டியைக் காதருகில் ஆட்டியபடி,
"உடுப்பு கிலுகிலுக்காதே பிள்ளை."

பிறகு மார்கழி மழை.
கந்தளாயில் றோட்டுக்கு மேல் தண்ணீர்.
போனில் என் பொதி ஒரு சிவப்புப் புள்ளி,
குளமும் வயலும் ஒன்றான எங்கோ
அசையாமல்.
செவ்வாயோடு அட்டை முடிந்தது.
முதலிரவு ஒன்றுமில்லை.
மூன்றாமிரவு தலைக்குள் யாரோ
சுவிட்சைப் போட்டுப் போட்டு நிறுத்தினார்கள்.
துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது.
அதற்கும் அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை பாமசியின் கதவு பாதி இறக்கியிருந்தது.
குனிந்து நுழைந்தேன்.
முழங்கை ஒன்றுகூட இல்லை.
"ஓகஸ்டுக்குப் பிறகு காணேல்ல," என்றார்.
அக்கா கொழும்பிலிருந்து அனுப்புறவ என்றேன்.
"அவவுக்கும் கந்தளாயால வழியில்லையாக்கும்."

போனில் துண்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி
இன்னொரு தரம் பார்த்தார். திகதி பழசு.
கத்தரிக்கோலால் அட்டையில் மூன்று வெட்டினார்.
"ஆறு இரவுக்குக் காணும். அதுக்குள்ள
கிளினிக்குக்குப் போங்கோ."
நூற்றெட்டு ரூபாய்.
எட்டையும் எண்ணி வாங்கினார்.

நான் குனிந்து வெளியேற, முதுகுக்குப் பின்னால்
பழைய குரல்: ஷிஃபானா, எழுது,
பெயர், முழுப் பெயர், எத்தனை மில்லிகிராம்,
ஆளில்லாத கடையில், ஊருக்கே கேட்க.

ஊர் என்பது அப்போது
தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்த
ஓர் ஓட்டோக்காரர் மட்டும்.
வீதியைப் பார்த்தபடியே கேட்டார்:
"அரையோ, முழுசோ?"
அரை என்றேன்.
"எனக்கு முழுசு," என்றார்.
மழை விடும்வரை பிறகு
இருவரும் ஒன்றும் பேசவில்லை.

திங்களன்று பொதி வந்தது, நனைந்து, ஊதி.
இப்போது கைப்பையில் இரண்டுமுண்டு.
திறப்பைத் தேடும்போதெல்லாம்
வெட்டிய அட்டையின் கூர்முனை
விரலில் குத்துகிறது.
அடுத்த மாதம் எங்கே என்று
போன் இன்றைக்கே கேட்கிறது.
பதில் போடவில்லை.

பெட்டி மட்டையைக் கேற்றடியில் வைத்தேன்.
இம்முறை மான் தின்றது.