தண்ணிக்குக் கழிவு

டிக்கோயா கிளினிக்கில் தொண்ணூற்றொரு கிலோ.
அன்றிலிருந்து ரொட்டி ஒன்று, கீரை இரண்டு கை.
தேத்தண்ணிக்குச் சீனி இல்லை,
வெறும் உள்ளங்கையைப் பழக்கத்தில் நக்குகிறேன்.

பைக்கை லயத்தோரம் நிறுத்திவிட்டு
ஏழாம் நம்பர் மலைக்கு நடை.
கூடையோடு இவர்கள் தினமும் ஏறும் படிகள்
பதினெட்டு வருஷம் கழித்துத்தான்
என் முழங்காலுக்கு அறிமுகம்.

மூன்று மாதம்.
நேற்று நல்ல மழை. கொழுந்து மடுவத்தில்
தராசுக் கொக்கியைப் பிடித்து
நானே தொங்கினேன்.
முள் ஆடி ஆடி எண்பத்து நான்கு.

பவளராணி எட்டிப் பார்த்தாள்:
"நனைஞ்சிருக்கீங்க ஐயா,
தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிச்சிருவோம்."

மடுவமே சிரித்தது. நானும்தான்.

அடுத்தது அவள் சாக்கு.
இருபத்தொன்று என்று எழுதினேன்.
கழிவுக் கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.