மூன்றாம் பக்கத்து எண்

ஊதா மூடிக் குழாய் வந்தபோது மணி மூன்று பத்து.
என் மைலோவில் ஆடை கட்டியிருந்தது.

பத்மசீலன், ஐம்பத்திரண்டு, ஏழாம் வார்டு.
கால் விரலில் புண். காலையில் கீறிச் சுத்தம் செய்வார்கள்,
அதற்கு முன் வழக்கமான ரத்தப் பரிசோதனை.
'அவசரம்' கட்டத்தில் யாரும் கோடு போடவில்லை.

இயந்திரம் ஒரு மிடறு குடித்தது.
வெள்ளையணு ஒன்பது புள்ளி எட்டு.
நல்ல பிள்ளை எண்.
முதல் பக்கத்தில் ஒரு சிவப்பு எழுத்தும் இல்லை.

மூன்றாம் பக்கத்தில்,
யாரும் கேட்காத, யாரும் அச்சிடாத இடத்தில்
இன்னோர் எண் இருக்கிறது.
மோனோசைட்டுகள் ஒரே பருமனில் இல்லை என்றது அது.
சண்டை மூளப்போகிற தெருவில்
சிலர் மட்டும் கைலியை மடித்துக் கட்டியதுபோல.

கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு இழுத்தேன்.
காயவிட்டுச் சாயம் ஊற்றினேன்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள்,
எங்கள் தொழிலில் நூறு சோறு எண்ண வேண்டும்.
எண்ணினேன்.
முதிராத அணுக்கள் பதினெட்டு,
பால் பல் விழாத வயதில்
படைக்கு அனுப்பப்பட்டவை.

தொலைபேசியில் ஹவுஸ்மேன், சித்தி ஹவா.
"கவுண்ட் நார்மல்தானே, கக்?
காய்ச்சல்கூட முப்பத்தேழு புள்ளி நாலுதான்."
நார்மல்தான்.
அதுதான் பயம் என்று எந்த மொழியில் சொல்வது?
மலாயில் சொன்னேன்:
மூச்சை எண்ணுங்கள். பிரஷரை இன்னொரு முறை பாருங்கள்.
லாக்டேட்டுக்கு ஒரு குழாய், இப்போதே.
நோயின் பெயரைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.
எண்ணைச் சொல்லலாம்.
அதையே இரண்டு முறை சொன்னேன்.

பதினோரு நிமிடம்.
ஜன்னலில், பிறையிலிருந்து பினாங்குக்கு வரும் லாரிகள்
பாலத்தில் ஒன்றன்பின் ஒன்றாய், அவசரமில்லாமல்.

ஐஸ் பையில் சாம்பல் மூடிக் குழாய் வந்தது.
நான்கு புள்ளி ஒன்று.
இந்த முறை மறுமுனை எதுவும் கேட்கவில்லை;
போனை வைக்க மறந்து ஓடும்
செருப்புச் சத்தம் மட்டும்.

அவர் முகம் எனக்குத் தெரியாது.
எங்களுக்கு நல்ல செய்தி என்பது
மறுபடியும் அதே பெயரில் ஒரு குழாய்.
வராவிட்டால் அதற்கு இரண்டு அர்த்தம்,
எது என்று நாங்கள் கேட்பதில்லை.

வியாழன் இரவு வந்தது.
பத்மசீலன், ஐம்பத்திரண்டு, வார்டு மட்டும் ஐசியு.
வெள்ளையணு பதினான்கு.
முதல் பக்கம் முழுக்கச் சிவப்பு.
மூன்றாம் பக்கத்தைத் திறந்தேன்:
தெருவில் கைலிகள் இறங்கத் தொடங்கியிருந்தன.

அன்றைக்கு மைலோவைச் சூடாகவே குடித்தேன்.