நிறுத்து என்றதும்

ஃபுஜைரா வெளித்துறை. விடிய ஐந்து மணி.
எங்கள் எண்ணெய்ப் படகின் சாப்பாட்டறையில்
டிவிக்காகவே ஏசி போட்ட மாதிரி குளிர்.
அங்கே அவர்களுக்கு இன்னும் முந்தின நாள் ராத்திரி.
நேற்றில் நின்றுகொண்டு
எங்கள் நாளையைப் பேச வந்திருந்தார்கள் இரண்டு பேர்.

சிவப்பு டை ஒருவர். டை இல்லாதவர் ஒருவர்.
பெயர் வேண்டாம்; ஜெயிக்கிறவர் பெயர்
எப்படியும் வந்து சேரும், டீசல் விலையோடு.

மார்க் போடக் காகிதம் இல்லை.
ரசீதுக் கட்டின் மேல்தாளைத் திருப்பிக் கோடு கிழித்தேன்.
தோற்ற கட்சிக்காரன்
எட்டுப் பேருக்கும் பரோட்டா என்று பந்தயம்.

முகைதீன் பிச்சை, காயல்பட்டினம், டெக்கில் இருபது வருஷம்:
"நம்ம கடல் பேரை யாரு சரியாச் சொல்றாங்களோ
அவங்களுக்குப் பத்து."
சிவப்பு டை அந்த நீரிணையை
வாய் சுட்டுக்கொண்டவர் போலச் சொன்னார்.
மற்றவர் சொல்லவே இல்லை. "அந்தப் பகுதி" என்றார்.
பிச்சை யோசித்து இருவருக்கும் மூன்று கொடுத்தார்.

மணப்பாட்டு ரொமால்டுக்குத் தண்ணீர்தான் கணக்கு.
கேள்வி முடியுமுன் டம்ளரைத் தொட்டால் மைனஸ் ரெண்டு.

நான் பம்ப்காரன். எனக்கு ஒரே அளவுகோல்:
நிறுத்து என்றதும் நிறுத்துகிறாரா.
குழாய் பூட்டி எண்ணெய் ஏறும்போது
மேலிருந்து ஒருவன் கையைக் குறுக்கே வெட்டினால்
அடுத்த மூச்சுக்குள் வால்வு மூட வேண்டும்,
காரணம் பிறகு கேட்கலாம்.
மேடையில் சிவப்பு விளக்கு எரிந்தது.
சிவப்பு டை இன்னும் பதினேழு விநாடி பேசினார்.
மற்றவர் இருபத்தொன்று.
எங்கள் தளத்தில் அது
கணுக்கால் வரை எண்ணெய்.

"எல்லா வழிகளும் மேசைமேல் இருக்கின்றன"
என்றார் டை இல்லாதவர்.
கைதட்டக் கூடாத அரங்கில் கொஞ்சம் கைதட்டல்.
ரொமால்ட் தமிழில் சொன்னான்.
அதுவரை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தவரூபன்,
முல்லைத்தீவுக்காரர், எங்கள் சமையல்,
"எந்த மேசையில வச்சிருக்கினம்?" என்றார்.
பிறகு எங்கள் மேசையைத் துடைத்தார்.
ஊறுகாய்ப் பாட்டில், ரிமோட், என் ரசீதுக் கட்டு
ஒவ்வொன்றாகத் தூக்கி, அடியில் துடைத்து,
அதே இடத்தில் வைத்தார்.
கொஞ்ச நேரம் யாரும் மார்க் போடவில்லை.

கடல்வழியைக் காப்பீர்களா என்று கேட்டார் நெறியாளர்.
இது நம்மைப் பற்றி என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
கப்பல் என்றார்கள். சரக்கு என்றார்கள்.
பீப்பாய்க் கணக்கைப் புள்ளிக்குப் பின்னும் சொன்னார்கள்.
கப்பலில் ஆள் இருக்கிறதை
சிவப்பு டை ஒருமுறை தொட்டார், அரை மார்க் போட்டேன்.
"நம் நாட்டு மாலுமிகள்" என்று திருத்திக்கொண்டார்.
அரையை அடித்தேன்.

உள்ளே போகிற கப்பல்காரனுக்கு ஆபத்துப் படி உண்டு.
வாசலில் எண்ணெய் ஊற்றுகிற நாங்கள்
ஒப்பந்தத்தில் "துறைமுகப் படகு".
இரண்டு வருஷம் முன்
வயிற்றில் ஓட்டையோடு வந்த கப்பல்
எங்கள் பக்கத்தில்தான் நங்கூரம் போட்டது.
காயப்போட்ட சட்டையெல்லாம்
ஒரு வாரம் அதன் புகையை நாறிக்கொண்டிருந்தது.

முடிவுரைக்கு முன்பே ரேடியோ கூப்பிட்டது.
எண்ணூறு டன், உடனே.
டிவியை அணைக்காமல் ஓடினோம்.
கூட்டல் போடவில்லை.

பத்தரைக்குக் குழாய் கழற்றினோம்.
மேலே தலைமை இன்ஜினியர், பிலிப்பைன்காரர்,
தூங்காத கண்ணோடு ரசீதுக்குக் கை நீட்டினார்.
அளவை எழுதி மேல்தாளைக் கிழித்துக் கொடுத்தேன்.
கையெழுத்து, கப்பல் முத்திரை,
கோப்புக்குள் போயிற்று.
ஏணியில் பாதி இறங்கும்போதுதான்
பின்பக்கம் ஞாபகம் வந்தது.

சாயங்காலத்துக்குள் அது நீரிணைக்குள் போயிருக்கும்,
மூன்று, மூன்று, மைனஸ் ரெண்டு, அடித்த அரை,
பெற்றுக்கொண்டேன் என்ற முத்திரையோடு.

பரோட்டாவுக்கு யார் காசு என்று
ரொமால்ட் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.